நாலு மணி நேர நடை

விலாசம் மாறி வந்த ஒரு காதல் கடிதத்தில்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

1910, ஜூலை மாதக் கடைசி. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப் பகுதியில் டோப்லாக் என்ற ஊர் (இன்று அது இத்தாலியில் இருக்கிறது). பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்துக் கோடையைக் கழித்துக்கொண்டிருந்தார் குஸ்தாவ் மாஹ்லர். 1897 முதல் 1907 வரை பத்து வருடங்கள் வியன்னா அரசவை ஆபராவைக் கட்டி ஆண்ட இசை நடத்துனர். மகா கண்டிப்புப் பேர்வழி. ஒத்திகையில் யாராவது ஒரு ஸ்வரம் பிசகினால் தொலைந்தார்! அப்போது அவருக்கு வயது 50.

அன்று தபாலில் வந்த கவரின் மேல் மாஹ்லரின் பெயர்தான் இருந்தது. பிரித்தார். உள்ளே, அவருடைய மனைவி ஆல்மாவுக்கு ஓர் இளைஞர் உருகி உருகி எழுதிய கடிதம்!

எழுதியவர் வால்ட்டர் க்ரோபியஸ். 27 வயது ஆர்க்கிடெக்ட். (பிற்பாடு, 1919ல் 'பௌஹௌஸ்' கலைப் பள்ளியைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றவர் இவர்தான்.) ஜூன் மாதம் டோபல்பாத் என்ற ஊருக்கு ஆல்மா ஓய்வெடுக்கப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம். மனைவிக்கு எழுதிய கடிதத்தின் கவரில் கணவர் பெயரைப் போட்டது கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா? அதைப் பற்றி இன்றுவரை மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இந்த மாதிரிக் கைதவறல்களுக்கெல்லாம் மனசுக்குள் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது என்று புத்தகமே எழுதிய ஆசாமி ஒருவர் அப்போது வியன்னாவில் இருந்தார். அவர் கொஞ்ச நேரத்தில் இந்தக் கதைக்குள் வரப் போகிறார்.

'இது என்ன?' என்று மாஹ்லர் கேட்க, ஆல்மா வெடித்தார். எட்டு வருடமாக அடக்கி வைத்தது எல்லாம் கொட்டித் தீர்ந்தது.

அதற்கும் ஒரு முன்கதை உண்டு. இருவரும் சந்தித்தது 1901 நவம்பரில். ஆல்மா, வியன்னாவே திரும்பிப் பார்த்த அழகி. அழகு மட்டுமில்லை, முறைப்படி இசை கற்று, சொந்தமாகப் பாடல்களுக்கு மெட்டமைத்துக்கொண்டிருந்த பெண். கல்யாணத்துக்கு முன், டிசம்பரில் மாஹ்லரிடமிருந்து ஒரு நீ...ண்ட கடிதம் வந்தது. சாராம்சம் இதுதான்: ஒரே வீட்டில் இரண்டு இசையமைப்பாளர்கள் சரிப்பட்டு வராது. இனி என் இசைதான் உன் இசை. நீ எழுதுவதை நிறுத்திவிட வேண்டும்!

அழுதுகொண்டே சம்மதித்தார் ஆல்மா. 1902 மார்ச்சில் கல்யாணம். அவருக்கு 22, மாஹ்லருக்கு 41. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. மூத்தவள் மரியா, 1907 ஜூலையில் நோய் கண்டு, ஐந்து வயதுகூட முடியாமல் இறந்துபோனாள். அதற்குச் சில நாட்களிலேயே மாஹ்லரின் இதயத்தில் கோளாறு இருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள். அந்த வருடமே வியன்னா பதவியும் போயிற்று. பிறகு நியூயார்க், ஹோட்டல் அறைகள், ஒத்திகைகள்... மனைவி என்று ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாள் என்பதே மாஹ்லருக்கு மறந்துவிட்டது. காற்று மாதிரி! இருக்கிறவரை அதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

அந்தக் காற்று இப்போது நின்றுவிடும்போல் இருந்தது.

க்ரோபியஸ் நேரில் டோப்லாக்குக்கே வந்துவிட்டார். வழக்கமான கணவராக இருந்தால் அங்கே அடிதடி நடந்திருக்கும். மாஹ்லர் என்ன செய்தார் தெரியுமா? கையில் விளக்கோடு தானே இருட்டில் நடந்து போய் அந்த இளைஞரை வீட்டுக்கு அழைத்து வந்தார். இரண்டு பேரையும் ஓர் அறையில் பேசவிட்டு, தான் அடுத்த அறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பைபிள் படித்துக்கொண்டிருந்தார். 'நீ என்ன முடிவெடுத்தாலும் சரி' என்று ஆல்மாவிடம் சொன்னாராம். 'ராம்' போடக் காரணம் உண்டு. இதை எழுதி வைத்தது ஆல்மா. தனக்குச் சாதகமாகச் சம்பவங்களைக் கொஞ்சம் வளைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது.

ஆல்மா, கணவரோடு இருப்பதாகத்தான் முடிவெடுத்தார். பிரச்னை அதோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால், அதற்குப் பிறகுதான் மாஹ்லர் நொறுங்க ஆரம்பித்தார். ராத்திரி இருவர் அறைகளுக்கும் நடுவே உள்ள கதவு திறந்தே இருக்க வேண்டும். ஆல்மா மூச்சு விடும் சத்தம் காதில் விழ வேண்டும்! ஆல்மா கண் விழித்துப் பார்த்தால் இருட்டில் கட்டில் பக்கத்தில் மாஹ்லர் நின்றுகொண்டிருப்பார். தோட்டத்துக் குடிலில் உட்கார்ந்து இசை எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தால், தரையில் குப்புறப் படுத்து அழுதுகொண்டிருப்பார். தலையணைப் பக்கத்தில் தினம் காதல் கவிதைகள் வேறு. பத்தாவது சிம்ஃபனியின் கையெழுத்துப் பிரதியில், ஸ்வரக் குறிப்புகளுக்கு நடுநடுவே மனைவியின் செல்லப் பெயரை எழுதிக் கதறியிருக்கிறார். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன.

எட்டு வருடம் மூட்டை கட்டி வைத்திருந்த ஆல்மாவின் பாடல்களைத் தேடியெடுத்துத் தானே பியானோவில் வாசித்துப் பார்த்து, 'அடடா, என்ன காரியம் செய்துவிட்டேன்!' என்று புலம்பினார். அவற்றில் ஐந்தை உடனே அச்சுக்கும் அனுப்ப வைத்தார். இதை எல்லோரும் பிராயச்சித்தம் என்கிறார்கள். எனக்கு அப்படி முழுசாகச் சொல்ல மனம் வரவில்லை. அன்று 'எழுதாதே' என்று சொன்னதும் அவர் தேவைக்காக, இன்று 'எழுது' என்று கெஞ்சியதும் அவர் தேவைக்காக. நடுவில் அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா?

இந்த நிலைமை ஓர் உறவினருக்குத் தெரிந்தது. அவர் நரம்பியல் டாக்டர். 'சிக்மண்ட் ஃப்ராய்டைப் போய்ப் பாருங்கள்' என்றார். (ஆமாம், அந்த ஆசாமிதான்!) 1910ல், மனசு சரியில்லை என்று ஒரு பெரிய மனிதர் டாக்டரிடம் போவது லேசுப்பட்ட காரியமில்லை. மாஹ்லர் தந்தி கொடுத்து நேரம் கேட்டார். ஃப்ராய்ட் கொடுத்தார். மாஹ்லர் ரத்து செய்தார். மறுபடி கேட்டு, மறுபடி ரத்து. மூன்று முறை இப்படி! பல்வலிக்காரர் பல் டாக்டர் வீட்டு வாசல்வரை போய், 'வலி நின்றுவிட்டது' என்று திரும்புவது போல.

ஹாலந்துக் கடற்கரையில் நூர்ட்வைக் என்ற ஊரில் குடும்பத்தோடு விடுமுறையில் இருந்த ஃப்ராய்ட், அடுத்து சிசிலிக்குக் கிளம்ப இருந்தார். 'ஆகஸ்ட் முடிவதற்குள் வந்தால் உண்டு' என்று கறாராகச் சொல்லிவிட்டார். கடைசியில் ரயிலேறினார் மாஹ்லர்.

ஆகஸ்ட் 26. லைடன் நகரம். ஒரு ஹோட்டலில் சந்தித்தார்கள். ஃப்ராய்டின் புகழ்பெற்ற சோபா அங்கே ஏது? கால்வாய்க் கரைத் தெருக்களில் நடந்துகொண்டே பேசினார்கள். சுமார் நாலு மணி நேரம்!

'உங்கள் அம்மா பெயர் மேரிதானே? அப்படியிருக்க, வேறு பெயர்க்காரியை எப்படிக் கல்யாணம் செய்தீர்கள்?' என்று ஃப்ராய்ட் கேட்டாராம். மாஹ்லர் திகைத்துப்போனார். மனைவியின் முழுப் பெயர் ஆல்மா மரியா. அவளை 'மேரி' என்று கூப்பிடவே அவருக்கு ஆசை! வாழ்நாள் பூராவும் துன்பப்பட்ட தன் அம்மாவைத்தான் அவர் மனைவியிடம் தேடுகிறார் என்று ஃப்ராய்ட் விளக்கினார். ஆல்மா பக்கம்? சின்ன வயதிலேயே ஓவியரான அப்பாவைப் பறிகொடுத்தவள். அவள் தேடுவது அப்பாவை. 'உங்கள் வயதை நினைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள். அவளை உங்களிடம் இழுத்ததே அந்த வயதுதான்!'

பேச்சுக்கு நடுவே மாஹ்லருக்குச் சின்ன வயது ஞாபகம் ஒன்று வந்தது. அம்மாவை அப்பா கொடுமைப்படுத்துகிறார். பார்க்கச் சகிக்காமல் பையன் தெருவுக்கு ஓடுகிறான். அங்கே ஒரு தெருப் பாட்டுக்காரனின் பெட்டியிலிருந்து ஜாலியான பாட்டு ஒன்று வந்துகொண்டிருக்கிறது! தன் சிம்ஃபனிகளில் உருக்கமான கட்டங்களில் திடீரென்று சாதாரண மெட்டு ஒன்று குறுக்கே வந்து நிற்பது ஏன் என்று அப்போது புரிந்ததாக மாஹ்லர் சொன்னாராம்.

இவ்வளவும் பிற்பாடு ஃப்ராய்ட் தன் சிஷ்யர்களிடம் சொன்னது. அதிலும் ஒரு வேடிக்கை. 1935ல் எழுதிய கடிதத்தில், இந்தச் சந்திப்பு நடந்தது 1912 அல்லது 1913 என்று குறிப்பிடுகிறார். மாஹ்லர் இறந்ததே 1911ல்! மறதிக்குக் காரணம் கண்டுபிடித்தவருக்கே மறதி.

சிகிச்சை பலித்ததா? மாஹ்லர் உற்சாகமாகத் திரும்பினார். தாம்பத்தியம் சீரானது என்று ஃப்ராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் சொல்கிறார். செப்டம்பர் 12ல் மியூனிக் நகரில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்களோடு எட்டாவது சிம்ஃபனியை நடத்தினார் மாஹ்லர். கரகோஷம் அடங்க வெகுநேரம் ஆனது. அதை ஆல்மாவுக்கே அர்ப்பணித்திருந்தார்.

அதே சமயம், அதே மியூனிக்கில், க்ரோபியஸை ரகசியமாகச் சந்தித்துக்கொண்டிருந்தார் ஆல்மா. கடிதங்கள் கைமாறுவதற்கு அவருடைய அம்மாவே உடந்தை! அந்த நாலு மணி நேரத்தில் டாக்டர் ஆல்மாவின் மனசைப் பற்றியும் தீர்ப்புச் சொன்னார், அல்லவா? ஒருமுறைகூட அவரிடம் பேசாமலே!

1911 பிப்ரவரியில் நியூயார்க்கில் மாஹ்லர் படுத்துவிட்டார். இதயத்தில் கிருமித் தொற்று. பெனிசிலின் வராத காலம். வியன்னாவுக்குக் கொண்டுவந்தார்கள். மே 18ல் உயிர் பிரிந்தது. ஆல்மா 1915ல் க்ரோபியஸைக் கல்யாணம் செய்துகொண்டார். (நடுவில் கோகோஷ்கா என்ற ஓவியரும் அவர்மேல் பைத்தியமாகி, ஆல்மா பிரிந்த பிறகு அவர் உருவத்திலேயே ஆளுயர பொம்மை ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கியது தனிக் கதை.)

மாஹ்லர் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவருடைய சொத்து விவகாரங்களைக் கவனித்த வக்கீலுக்கு ஒரு பில் வந்தது. 1910 ஆகஸ்டில் லைடனில் பல மணி நேரம் ஆலோசனை சொன்னதற்கான கட்டணம், 300 க்ரோனன். அனுப்பியவர், டாக்டர் ஃப்ராய்ட். வக்கீல் பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டார்.