சுப்பாராவின் அளவீடுகள்: பாஸ்பரஸிலிருந்து நுண்ணுயிரி வரை

எல்லப்பிரகட சுப்பாராவ் (1895–1948) பற்றிப் பேசப் புகுவோர், அவருக்கு நோபல் பரிசு கிட்டாமையை முதலில் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவ்விரக்கம் அவருடைய ஆய்வுமுறையை மறைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. எதையும் நுட்பமாக அளந்தறியும் பழக்கமே அவருடைய நொதியியல் சார்ந்த முற்பகுதிப் பணியையும் நுண்ணுயிரிகளை நாடிய பிற்பகுதிப் பணியையும் இணைக்கிறது.

பீமவரத்தில் பிறந்த அவர் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் பயின்றார். கதரங்கி அணிந்து அறுவைக் கூடத்துக்குச் சென்றமையால் பேராசிரியர் பிராட்ஃபீல்டின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. உடன்பிறந்தவரை ஸ்ப்ரூ எனும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் உடற்கூறியல் கற்பித்தபின், 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டு சென்றார்.

அங்கு சைரஸ் ஃபிஸ்கேயுடன் அவர் உருவாக்கிய பாஸ்பரஸ் அளவீட்டு முறை 1925இல் வெளியானது. பாஸ்பேட்டு அமில மாலிப்டேட்டுடன் சேர்ந்து உண்டாக்கும் சேர்மத்தை ஒடுக்கினால் நீலநிறம் தோன்றும். அதன் செறிவே பாஸ்பேட்டின் அளவைக் காட்டும். தசைச்சாற்றில் மட்டும் அந்நிறம் தாமதமாகவே முழுமையுற்றது. இதனைச் சோதனைப் பிழையென்று ஒதுக்கியிருக்கலாம். இருவரும் காரணத்தைத் தேடினர். எளிதில் சிதையும் ஒரு சேர்மம் மாலிப்டேட்டின் முன்னிலையில் மெல்லமெல்லப் பாஸ்பேட்டை விடுவித்தமையே அத்தாமதத்துக்குக் காரணம். அச்சேர்மமே பாஸ்போகிரியேட்டின் (1927). அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகிள்டன் இணையரும் அதனைக் கண்டனர். 1929இல் ஏடிபி ஜெர்மனியில் லோமானாலும் ஹார்வர்டில் இவ்விருவராலும் தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டது. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே ஆற்றல் தருகிறது என்ற அக்காலக் கொள்கை ஆட்டங்காணத் தொடங்கியது. ஏடிபியைச் சிதைக்கும் நொதிகளின் வேகத்தை, விடுபடும் பாஸ்பேட்டைக் கொண்டு அளக்க இம்முறை பின்னாளில் பெரிதும் பயன்பட்டது. தமிழகக் கல்லூரிகளின் உயிர்வேதியியல் செய்முறை வகுப்புகளில் மாணவர் இன்றும் இந்நீலத்தைக் காண்கின்றனர். ஃபிஸ்கே–சுப்பாராவ் என்ற பெயரில் ஒரு பாதி சென்னையில் படித்தவருடையது என்பதை ஆசிரியர்கள் சொல்லித்தந்தால் நன்று.

ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாத அவர் 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். பின்னர் அதன் ஆய்வு இயக்குநரானார். ஃபோலிக் அமில ஆய்வில் அளவுகோலே உயிருள்ளதாயிற்று. லாக்டோபேசில்லஸ் கேசியை எச்சாறு எவ்வளவு வளரச் செய்கிறதோ, அதைக் கொண்டு அதிலுள்ள வைட்டமின் மதிப்பிடப்பட்டது. ஈரலிலிருந்தும் நுண்ணுயிரி நொதிப்புக் கரைசலிலிருந்தும் அது பிரிக்கப்பட்டு, 1945இல் செயற்கையாகத் தொகுக்கப்பட்டது. ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகைக்கு அதுவே மருந்தாயிற்று. அதன் அமைப்பைச் சற்று மாற்றி லெடர்லே வேதியியலார் உருவாக்கிய அமினோப்டெரினைச் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். இரத்தப் புற்றுநோய் அவர்களுள் பத்துப் பேரிடம் தற்காலிகமாகத் தணிந்தது (1948). அம்மருந்து டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியைத் தடுக்கிறது என்பது 1950களின் இறுதியிலேயே தெளிவாயிற்று. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசானும் (1947) அவர் தலைமையிலமைந்த குழுவின் ஆக்கமே.

ஆரியோமைசினை அவர் கண்டுபிடித்ததாகச் சிலர் எழுதுவர். மிசௌரியின் சான்போர்ன் வயல் மண்ணிலிருந்து கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆரியோஃபேசியன்ஸ் எனும் நுண்ணுயிரியைக் கொண்டு அதனைக் கண்டவர் முதிய தாவரவியலார் பெஞ்சமின் டக்கர். அவருக்கு வாய்ப்பளித்து அம்முயற்சியை நடத்திச் சென்றது சுப்பாராவின் பங்கு. டக்கருக்குரியதைப் பறித்துச் சுப்பாராவுக்கு அளிப்பது, அவருக்கு இழைக்கப்பட்டதாக நாம் வருந்தும் அதே குறையைப் பிறருக்குச் செய்வதாகும். ஃபோலிக் அமிலக் கட்டுரையிலும் அவர் பெயர் அகரவரிசையில், பலருள் ஒன்றாகவே நிற்கிறது.

ஆரியோமைசின் 1948 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். 1953இல் லெடர்லேயைச் சேர்ந்த ஹெசல்டைன், கழிவுநீர் வடிகட்டியில் கிடைத்த புதிய பூஞ்சை ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் ஸ்பிளெண்டென்ஸ் எனப் பெயரிட்டார்.