பழைய வீடியோ கேம் பெட்டிக்கு மறுவாழ்வு... ஆனா, முஸ்தபாவைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க!

`கேடிலாக்ஸ் அண்டு டைனோசர்ஸ்'னு சொன்னா உங்க சித்தப்பாவுக்குத் தெரியாமல் போகலாம். `முஸ்தபா கேம்'னு சொல்லிப் பாருங்க... முகத்துல பல்பு எரியும்! ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட அந்த கேமில் வரும் நான்கு ஹீரோக்களில் ஒருவர் பெயர் முஸ்தபா. அவரை வெச்சே நம்ம ஊர்ல மொத்த கேமுக்கும் பெயர் வெச்சுட்டாங்க. ஸ்கூல் விட்டு வரும் வழியில், பாக்கெட்டில் இருக்கிற ஒரு ரூபாயைப் போட்டு, பின்னால நாலு பேர் `அண்ணே, அடுத்து நான்'னு காத்திருக்க ஆடின ஆட்டம் அது.

அந்தக் கேம் ஓடிய ஆளுயரப் பெட்டிதான் ஆர்கேட் கேபினெட். பார்லர்கள் மூடிய பிறகு மொட்டை மாடி ஷெட்டிலோ, பழைய கடையின் பின்கட்டிலோ தூசி படிஞ்சு நிக்கிற ஒண்ணு உங்க கண்ணுல பட்டிருக்கா? அதை நூற்றுக்கணக்கான கேம்கள் ஓடும் மெஷினா மாத்த முடியும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இருக்கிறவங்களுக்கு, தேவையான சாமான் எல்லாம் ஒரு ரயில் தூரத்துலதான் கிடைக்குது. ஆனா ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறதுக்கு முன்னாடி சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கணும் மக்களே!

பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

பின்கதவைத் திறந்தா பார்க்க பயமா இருக்கும். உண்மையில் ஆறே ஆறு சமாசாரம்தான். மரப்பெட்டி, பிக்சர் டியூப் மானிட்டர், பவர் சப்ளை, ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் இருக்கிற கன்ட்ரோல் பேனல், காசு வாங்குற மெக்கானிசம், கடைசியா கேம் போர்டு. கேம் முழுக்க அந்த ஒரு போர்டுல இருக்கும். கேமை மாத்தணும்னா போர்டையே கழற்றி வேறு போர்டு மாட்டணும்.

இந்த வேலையைச் சுலபமாக்கத்தான் 1980-களின் நடுவில் ஜப்பானில் `ஜாமா' என்ற பொது இணைப்பு முறை வந்தது. 56 பின் கொண்ட ஒரே கனெக்டரில் கரன்ட், படம், சத்தம், பட்டன் எல்லாம் போயிடும். உங்க பெட்டியில அகலமான அந்த கனெக்டரும், அதிலிருந்து கிளம்புற ஒயர் கொத்தும் நல்லா இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அதை எக்காரணம் கொண்டும் வெட்டாதீங்க.

ஓடுதா? அப்போ கை வைக்காதீங்க!

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி. பழைய போர்டு உயிரோட இருந்தா, அதைக் கழற்றி குப்பையில போட்டுட்டு புது சிஸ்டம் மாட்டுறது தப்பு. ஏன்னா, சில கேம்களை இன்னிக்கு காசு கொடுத்தாலும் வாங்குறது கஷ்டம். கேப்காம் தன் பழைய சண்டை கேம்களைத் தொகுத்து 2018-ல் வெளியிட்டப்போ, `ஃபைனல் ஃபைட்', `கேப்டன் கமாண்டோ' எல்லாம் அதில் இருந்தன. முஸ்தபா இல்லை. அந்தக் கேமின் கதை மார்க் ஷுல்ட்ஸின் காமிக்ஸில் இருந்து வந்தது, தலைப்பில் இருப்பது ஒரு கார் கம்பெனியின் பெயர். ரெண்டுமே வெளியார் சொத்து. அதனால உங்க கையில இருக்கிற பழைய போர்டுக்கு, நீங்க நினைக்கிறதைவிட மதிப்பு அதிகம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. அந்தக் காலத்து கேப்காம் ஒரிஜினல் போர்டுகள் சிலவற்றில், நகல் எடுப்பதைத் தடுக்க ரகசியக் குறியீட்டை ஒரு சின்ன பேட்டரிதான் தாங்கிப் பிடிச்சிருக்கும். பேட்டரி தீர்ந்தா குறியீடு அழியும். போர்டு பார்க்க நல்லா இருந்தாலும் கேம் ஓடாது. பேட்டரியைப் பார்த்ததும் பிடுங்கிடாதீங்க. போர்டு ரிப்பேர் தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டுங்க. மாற்றம் பண்ணியே ஆகணும்னா, பழையபடி திரும்ப மாட்டுற மாதிரி பண்ணுங்க. கழற்றும் ஒவ்வொரு ஒயரையும் முதலில் போன்ல போட்டோ எடுத்து, மாஸ்க்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்க. பழைய போர்டை நாளிதழில் சுற்றி, ஈரம் படாத டப்பாவில் வையுங்க.

பிக்சர் டியூப்... விளையாட்டு இல்லை!

கலர் பிக்சர் டியூப்பில் ஓடுற மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிட்டா ஆபத்து போயிடும்னு நினைக்காதீங்க. அணைச்ச பிறகும் டியூப் மின்சாரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். டியூப் மேல ரப்பர் தொப்பி மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும், தடிமனான சிவப்பு ஒயரோட... அந்தப் பக்கமே கை போகக் கூடாது. யூடியூப் வீடியோ பார்த்து முயற்சி பண்ற வேலை இது இல்லை. பழைய டி.வி மெக்கானிக் ஒருத்தர் உங்க ஏரியாவுல கண்டிப்பா இருப்பார். ஒருநாள் கூலி கொடுத்து அவரைக் கூப்பிடுங்க.

முதல்முறை பிளக் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு செக்கிங். ஒண்ணு, பெட்டி எந்த வோல்ட்டேஜுக்கானது? ஜப்பானில் இருந்து வந்த பெட்டின்னா 100 வோல்ட்டா இருக்கலாம். நம்ம 230 வோல்ட்டில் நேரடியா சொருகினா புகைதான் வரும். ரெண்டாவது, எர்த். மூணு பின் பிளக் போட்டு, பெட்டியின் உலோக பாகங்கள் எர்த்தோட இணைஞ்சிருக்கான்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பாருங்க.

புது மூளை எது?

மூணு வழி இருக்கு.

முதல் வழி, ராஸ்பெரி பை. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். 80-கள், 90-களின் ஆர்கேட் கேம்களுக்கு `பை 4' தாராளம். ரெட்ரோபை அல்லது பேட்டோசெரா என்ற இலவச சிஸ்டத்தை மெமரி கார்டில் ஏத்தினா போதும். அதுக்குள்ள வேலை செய்றது எமுலேட்டர்கள். அதாவது, பழைய போர்டு மாதிரியே நடிக்கிற மென்பொருள். அதில் ஒண்ணு `மேம்'. இத்தாலிக்காரரான நிக்கோலா சால்மோரியா 1997-ல் தொடங்கியது. ஆர்கேட் வரலாறு அழியாம இருக்கணும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் நோக்கமே.

`பை 4'-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் சார்ஜர் கட்டாயம். பழைய போன் சார்ஜரை மாட்டிட்டு `ஹேங் ஆகுது'ன்னு புலம்பாதீங்க. பெட்டியின் பழைய பவர் சப்ளையில் 5 வோல்ட்டோட 12 வோல்ட் லைனும் இருக்கும். மாத்தித் தொட்டா பை காலி.

இரண்டாவது வழி, பழைய மினி பி.சி. கொஞ்சம் இடம் பிடிக்கும், ஆனா காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் கேம்களையும் ஓட்டலாம். மூன்றாவது, சீனாவிலிருந்து வரும் ரெடிமேட் மல்டி கேம் போர்டு. ஜாமா கனெக்டரில் அப்படியே சொருகிடலாம். சுலபம்தான். ஆனா அதில் ஏத்தியிருக்கும் கேம்கள் பெரும்பாலும் உரிமம் இல்லாதவை.

திரை, ஸ்டிக், காசு

பிக்சர் டியூப் நல்லா இருந்தா அதையே வெச்சுக்குங்க. அந்தக் கேம்கள் அந்தத் திரைக்காக வரையப்பட்டவை. ஆனா ஆர்கேட் டியூப் 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னலில் ஓடுறது. கம்ப்யூட்டர் சிக்னலை நேரா கொடுக்க முடியாது. ராஸ்பெரி பையை ஜாமாவோட இணைக்கிற தனி அடாப்டர் வாங்கணும். டியூப் செத்துப்போச்சுன்னா, ஆபீஸ்கள் கழிச்சுப் போட்ட 19 இன்ச் ஸ்கொயர் மானிட்டர் தேடுங்க. அகலத்திரை வேண்டாம். முஸ்தபா குண்டாத் தெரிவார்.

பட்டன் எத்தனை? நீங்க ஆடப்போறதைப் பொறுத்தது. முஸ்தபாவுக்கு ரெண்டு பட்டன். `கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97'-க்கு நாலு. `ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-க்கு மூணு குத்து, மூணு உதைன்னு ஆறு. ஆறு போட்டுட்டா எல்லாத்துக்கும் ஆச்சு. ஆனா பழைய பேனலில் புதுசா ஓட்டை போடாதீங்க. அதே அளவில் புதுப் பலகை வெட்டி மாட்டுங்க. ஜப்பான் ஸ்டைல் பட்டனுக்கு 30 மில்லிமீட்டர் ஓட்டை, ஸ்டார்ட் பட்டனுக்கு 24. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு யு.எஸ்.பி என்கோடர் போர்டு வேணும். பட்டன் ஒயரை அதில் சொருகினா சிஸ்டம் அதை ஜாய்ஸ்டிக்கா எடுத்துக்கும். சால்டரிங்கூட தேவைப்படாது.

காசு போடுற சந்தோஷத்தை விட்டுடாதீங்க! காசு விழுந்ததும் தட்டுப்படுற சின்ன சுவிட்ச்தான் `கிரெடிட்' ஏத்துது. அந்த ரெண்டு ஒயரையும் என்கோடரில் கொடுத்து, `காயின்'னு செட் பண்ணா போதும். ஒரு சிக்கல் மட்டும் இருக்கு. 2011-ல் வந்த ஒரு ரூபாய் நாணயம் பழசைவிடச் சின்னது. 25 மில்லிமீட்டரில் இருந்து 22-க்கு இறங்கிடுச்சு. 90-களின் மெக்கானிசம் புதுக் காசைத் துப்பும். பாட்டியோட உண்டியலில் பழைய ஒரு ரூபாய் இருக்கான்னு பாருங்க.

ரிச்சி ஸ்ட்ரீட் ரூட்!

அடையாறுன்னா கஸ்தூரிபா நகர், மயிலாப்பூர்னா திருமயிலை. பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துடலாம். தி.நகர்க்காரங்க நந்தனத்தில் மெட்ரோ பிடிச்சு அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க, பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ராஸ்பெரி பை, ஒயர், மைக்ரோ சுவிட்ச், பழைய மானிட்டர் எல்லாம் அங்கே தேடலாம். மூணு கடையில் விலை கேட்காம வாங்காதீங்க. மானிட்டரை ஆன் பண்ணிக் காட்டச் சொல்லி வாங்குங்க. ஆர்கேட் ஸ்டிக்கும் பட்டனும் ஆன்லைனில் செட்டாகவே கிடைக்கும்.

கேம் எங்கிருந்து?

`நெட்ல ஃப்ரீயா கிடைக்குதே ப்ரோ'ன்னு சொல்வீங்க. கிடைக்குது. ஆனா சட்டப்படி இல்லை. எமுலேட்டர் வெச்சிருப்பதில் தப்பில்லை. கேமை அனுமதியில்லாம டவுன்லோடு பண்றதுதான் சிக்கல். 90-களின் கேம்களுக்கு நம்ம நாட்டில் காப்புரிமைக் காலம் இன்னும் முடியலை. நேர்வழியும் இருக்கு. `கேப்காம் ஆர்கேட் ஸ்டேடியம்' தொகுப்பு 2021-ல் வந்தது. `கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97' ஸ்டீமில் கிடைக்குது. மினி பி.சி வழியைச் சொன்னது இதுக்காகத்தான். உரிமையாளர்களே இலவசமா அனுமதித்த `ராபி ரோட்டோ', `கிரிட்லி' போன்ற சில கேம்களும் மேம் தளத்தில் இருக்கு. முக்கியமா, உரிமம் இல்லாத கேமைக் கடையில வெச்சுக் காசு பார்க்காதீங்க.

நம்ம ஊர் வெயில், நம்ம ஊர் மழை

மே மாசத்தில் மூடிய மரப்பெட்டி அடுப்பு மாதிரி. 80 டிகிரி செல்சியஸைத் தொட்டா ராஸ்பெரி பை தானா வேகத்தைக் குறைச்சுக்கும். பின்கதவில் ஒரு சின்ன ஃபேன் மாட்டி, வலை போடுங்க. இல்லைன்னா பல்லி குடும்பம் குடியேறிடும். கரன்ட் பட்டுனு போனா மெமரி கார்டு கெட்டுப்போக வாய்ப்பிருக்கு. சின்ன யு.பி.எஸ் போடுங்க, கார்டை ஒரு காப்பி எடுத்தும் வையுங்க. கரையான் அரிச்ச பலகையை மாத்திட்டு மருந்து அடிங்க. கீழே சக்கரம் மாட்டுங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த அடையாறுக்காரங்களுக்கு, தரைத்தள வீட்டுல ஏன் சக்கரம் வேணும்னு சொல்லத் தேவையில்லை.

கழற்றின டியூப் செத்ததா இருந்தா தெருக் குப்பையில் போடாதீங்க. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கு. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்க.

எல்லாம் முடிஞ்சு, மேலே பெயர்ப்பலகை லைட் எரியும்போது முதல் காசை நீங்க போடாதீங்க. சித்தப்பாவைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்க. அப்புறம் பின்னால நின்னு, `அடுத்து நான்'னு சொல்லுங்க!