மூட்டு நோய்க்கு எக்ஸ் கதிர்: ஒரு சிகிச்சையின் வரலாறு

1895ம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். எலும்பைப் படம் பிடிக்க உதவிய இந்தக் கதிர், அடுத்த ஆண்டே சிகிச்சைக் கருவியாகவும் மாறியது. 1896ல் வியன்னாவில் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் என்ற மருத்துவர், ஒரு சிறுமியின் முதுகில் இருந்த பெரிய மச்சத்தின் முடியை அகற்ற இக்கதிரைப் பயன்படுத்தினார். முடி உதிர்ந்தது. ஆனால் எளிதில் ஆறாத புண்ணும் உண்டானது! கதிர்வீச்சின் நன்மையும் தீமையும் சேர்ந்தே வரும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது எனலாம்.

இரண்டு நோய்கள், ஒரே கதிர்

புற்றுநோய்ச் சிகிச்சையில் கதிரின் வேலை, கட்டியின் செல்களைக் கொல்வது. முழு அளவையும் ஒரே நாளில் கொடுத்தால் சுற்றியுள்ள நல்ல சதையும் வெந்துவிடும். எனவே 1920களில் பாரிஸ் ரேடியம் நிலையத்தில் கிளாடியஸ் ரெகோ, ஆன்ரி கூட்டார் ஆகியோர் சிறு சிறு பங்குகளாகப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையை வளர்த்தெடுத்தனர். இன்றும் பல புற்றுநோய்களுக்கு நாளொன்றுக்கு 2 கிரே வீதம், மொத்தம் 50 முதல் 70 கிரே வரை கொடுப்பது வழக்கம்.

மூட்டு நோய்களில் கொல்வதற்குக் கட்டி எதுவும் இல்லை. வீக்கத்தையும் வலியையும் குறைப்பதே நோக்கம். இதில் முக்கியமானது அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு வாதம். பெரும்பாலும் 20, 30 வயதுகளில் தொடங்கும் இந்நோயில், முள்ளெலும்புகள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முற்றிய நிலையில் எக்ஸ் கதிர்ப் படத்தில் முதுகெலும்பு மூங்கில் கழி போலத் தெரியும். நல்ல மருந்துகள் இல்லாத அக்காலத்தில் பிரிட்டிஷ் மருத்துவமனைகள் இந்நோயாளிகளின் முதுகெலும்பிலும் இடுப்பு மூட்டுகளிலும் எக்ஸ் கதிரைச் செலுத்தின. பலருக்கு வலி உண்மையாகவே குறைந்தது. குனிந்து நடந்தவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஆகவே மருத்துவர்கள் இச்சிகிச்சையை நம்பியதில் வியப்பில்லை.

சந்தேகம் எழுந்தது எப்படி?

ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களிடம் இரத்தப் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது. 1954ல் அமெரிக்கா பசிபிக் கடலில் நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனை மக்களின் அச்சத்தைக் கூட்டியது. கதிர்வீச்சின் ஆபத்து எவ்வளவு என்று ஆராய, 1955ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது.

இதற்கான ஆய்வை வில்லியம் கோர்ட் பிரவுன், ரிச்சர்ட் டால் ஆகிய இருவரும் மேற்கொண்டனர். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950ல் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லுடன் சேர்ந்து எடுத்துக்காட்டியவர்தான் இந்த டால். அவர்கள் முதுகெலும்பு வாத நோயாளிகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. புற்றுநோயாளிகளில் பலர் அந்த நோயாலேயே சில ஆண்டுகளில் இறந்துவிடுவர்; கதிர் பின்னாளில் என்ன செய்கிறது என்று பார்க்க முடியாது. வாத நோயாளிகளோ பல ஆண்டுகள் வாழ்ந்தனர். அவர்கள் பெற்ற கதிரின் அளவும் மருத்துவமனை ஏடுகளில் பதிவாகியிருந்தது.

1935 முதல் 1954 வரை சிகிச்சை பெற்ற 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகள் திரட்டப்பட்டன. 1957ல் முழு அறிக்கை வெளிவந்தது. இரத்தப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. முதுகெலும்பு பெற்ற கதிரின் அளவு கூடக்கூட நோயும் கூடியது! இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையின் பெரும்பகுதி முதுகெலும்பிலும் இடுப்பிலும் இருப்பதே இதற்குக் காரணம்.

குற்றவாளி கதிரா, நோயா?

வாத நோயே இரத்தப் புற்றுநோயை வரவழைத்திருக்கலாமே என்ற கேள்வி மிஞ்சியது. கதிர்ச் சிகிச்சை பெறாத வாத நோயாளிகளை ஆராய்ந்த ராட்ஃபோர்ட், டால், ஸ்மித் ஆகியோர் 1977ல் விடை தந்தனர். அவர்களிடம் புற்றுநோய் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. ஆகவே குற்றவாளி கதிரே!

ஒரே ஒருமுறை சிகிச்சை பெற்ற 14,111 பேரைப் பற்றிய ஸ்மித், டால் கட்டுரை 1982ல் வெளியானது. அவர்களில் இரத்தப் புற்றுநோயால் 6 அல்லது 7 பேர் இறந்திருக்க வேண்டும். இறந்தவர்களோ 31 பேர். கதிர் அதிகம் பட்ட மற்ற உறுப்புகளின் புற்றுநோய் மரணங்களும் சுமார் 60 சதவீதம் கூடியிருந்தன.

புற்றுநோய்ச் சிகிச்சையில் கதிரின் அளவு இதைவிட அதிகம். அப்படியானால் அங்கே ஆபத்தும் பன்மடங்கு ஆகுமா? இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு 1987ல் வெளிவந்தது. அதில் இரத்தப் புற்றுநோயின் பெரும்பாலான வகைகள் சுமார் இரண்டு மடங்கே கூடியிருந்தன. மிக அதிகக் கதிர் பட்ட மஜ்ஜைச் செல்கள் பழுதாகி வாழ்வதில்லை. இறந்தே போகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

பின்னர் நடந்தவை

1957 அறிக்கைக்குப் பின் பிரிட்டனில் இச்சிகிச்சை பெரிதும் குறைந்தது. ஃபீனைல்பியூட்டசோன், இண்டோமெத்தசின் போன்ற மாத்திரைகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆனால் ஜெர்மனியில் குதிகால் வலிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் மிகக் குறைந்த அளவுக் கதிர் இன்றும் தரப்படுகிறது. நெதர்லாந்தில் முழங்கால், கை மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளில், உண்மைக் கதிருக்கும் போலிச் சிகிச்சைக்கும் கணிசமான வேறுபாடு தெரியவில்லை. 2025ல் வெளியான தென் கொரியச் சோதனையிலோ முழங்கால் வலிக்கு நான்கு மாத அளவில் பலன் தெரிந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை.

உயிரைக் குடிக்கும் நோய்க்கு, பல ஆண்டுகள் கழித்து வரக்கூடிய ஒரு சிறு ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம். வலியோடு நெடுநாள் வாழவேண்டிய 25 வயது இளைஞனுக்கு அதே கணக்குப் பொருந்தாது. 14,111 பேரில் இரத்தப் புற்றுநோயால் கூடுதலாக இறந்தது சுமார் 25 பேர்தான். ஆனால் அவர்கள் முதுகுவலிக்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள். வலி குறைந்து வீடு திரும்பியவர்களைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்ததால்தான் இந்த உண்மை வெளியே வந்தது. ஒரு சிகிச்சையின் முடிவு நோயாளி வீட்டுக்குப் போகும் நாளில் தெரிந்துவிடுவதில்லை என்பதே இந்த வரலாறு கற்றுத்தரும் பாடமாகும்.