நியூகாசிலில் ஒரு கிளினிக்

மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று பிழைப்பவன் நான். பதற்றத்துக்குத் தரும் டயாசிபாம் மாத்திரை அட்டையை எடுக்கும்போதெல்லாம் பேராசிரியர் ஹீதர் ஆஷ்டனை நினைத்துக்கொள்வேன்.

வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த டயாசிபாமை ரோஷ் மருந்து நிறுவனம் 1963இல் 'வேலியம்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பார்பிட்யூரேட் மாத்திரைகள் அளவு மீறினால் உயிரையே குடித்தன. இதில் அந்த ஆபத்து குறைவு என்று டாக்டர்கள் நம்பி எழுதினார்கள், மாதக்கணக்கில், வருடக்கணக்கில்.

இப்படிப் பழகிப்போன உடம்பு மருந்தை நிறுத்தும்போது படும் பாட்டை, இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே கிளினிக் நடத்திய ஆஷ்டன் நோயாளிகளிடமே கேட்டு அறிந்தார். திடீரென நிறுத்தினால் தூக்கம் போகும், கை நடுங்கும், பழைய பதற்றம் முன்னைவிட மோசமாகத் திரும்பும். சிலருக்கு வலிப்பே வரும். இதே வகை வேறு மாத்திரைகளுக்குப் பழகிய பலரை, உடம்பில் நெடுநேரம் தங்கும் டயாசிபாமுக்கு மாற்றி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். வேகத்தை நோயாளியே தீர்மானிக்கட்டும் என்றார். எனக்கு அதுதான் அவர் செய்த பெரிய வைத்தியம்.

இந்தியாவில் 2014 முதல் டயாசிபாம், அதே வகை அல்பிரசோலம் எல்லாம் டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய எச்1 பட்டியலில் உள்ளன. சீட்டு விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நாங்கள் எழுதும்போது தயவுசெய்து சலித்துக்கொள்ளாதீர்கள். இந்த மாத்திரையை மதுவோடு சேர்க்காதீர்கள், நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். குறைக்க நினைத்தால் டாக்டரிடம் கேளுங்கள்.