மருத்துவமனை வாசலும் சாதியின் எல்லைதான்: தலித் பெண்களின் இனப்பெருக்க நலமும் சட்ட உரிமைகளும்

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், மேலூரைக் கடந்து வடக்கே சென்றால் கொட்டாம்பட்டி வருகிறது. மதுரை நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இந்த ஒன்றியத்தின் காலனி ஒன்றில் வாழும் பெண்ணுக்கு அரசு மருத்துவம் படிப்படியாக விலகிச் செல்லும் ஒன்று. முதலில் துணை சுகாதார நிலையமும் கிராம சுகாதாரச் செவிலியரும். அடுத்து ஆரம்ப சுகாதார நிலையம். பிறகு மேலூர் அரசு மருத்துவமனை. சிக்கல் முற்றினால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் வீட்டாரின் சம்மதமும் செலவாகின்றன.

மேலூர் வட்டத்தைத் தலித் அரசியல் நினைவில் வைத்திருப்பதற்கு வேறு காரணம் உண்டு. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் இப்பகுதியில் உரிமை என்று பேசும்போதெல்லாம் பதவி, பாதை, குளம், கோயில், சுடுகாடு ஆகியவற்றையே நாம் வரிசைப்படுத்தி வந்திருக்கிறோம். பெண்கள் நாள்தோறும் கடக்கும் மருத்துவமனை வாசல் அந்த வரிசையில் இடம்பெறுவதில்லை. கருக்கலைப்பும் கருத்தடையும் வெள்ளைப்படுதலும் 'பெண்கள் சமாச்சாரம்' என்று ஒதுக்கப்படுகின்றன.

சட்டம் அவ்வாறு ஒதுக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பிரிவு 3(1)(இசட்.ஏ) பொது இடங்களில் தடுக்கப்படுவதைக் குற்றமாக்குகிறது. அதன் உட்கூறு (சி) வழிபாட்டிடத்தைக் குறிக்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே உட்கூறு (டி) கல்வி நிறுவனம், மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கோயில் நுழைவுக்கு இணையாகச் சட்டம் வைத்திருக்கும் உரிமையை இயக்கங்களாகிய நாம் ஏன் அவ்வாறு கையாளவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சராசரி எண்கள் மறைப்பவை

தமிழ்நாட்டின் மகப்பேறு நலச் சாதனை உண்மையானது. 2018–20 காலத்தில் இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு 97ஆக இருந்தபோது, தமிழ்நாட்டில் அது 54. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) மாநிலத்தில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. கிராமச் செவிலியர்களின் உழைப்பும், மூன்று செவிலியருடன் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இல்லாமல் இது நடந்திருக்காது.

அதே கணக்கெடுப்பு வேறொன்றையும் சொல்கிறது. மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் கருத்தடை அறுவை சிகிச்சை 0.1 விழுக்காடு மட்டுமே. கருத்தடை என்பது ஏறத்தாழ முழுவதுமாகப் பெண்ணுடலின் மீது, அதுவும் திரும்பப் பெற இயலாத ஒரே முறையாக, சுமத்தப்பட்டிருக்கிறது. பிரசவத்திற்காகப் பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்து வந்த அமைப்பு, பிரசவத்திற்கு முன்னும் பின்னும் அவளுக்கு இருக்கும் நலத் தேவைகளைக் கேட்டறியவில்லை. கருப்பை இறக்கம், பால்வினைத் தொற்று, கணவனின் வன்முறை, வேண்டாத கர்ப்பம் ஆகியவை பதிவேட்டின் கட்டங்களுக்குள் வருவதில்லை.

செங்கல்பட்டில் தலித் பெண்கள் தொடங்கிய மருத்துவமனை

இவற்றைக் கேட்பதற்கென்றே தலித் பெண்கள் உருவாக்கிய அமைப்பு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. கொட்டாம்பட்டிக்கு அது தொலைவுதான். ஆனால் நாம் தேடும் முன்மாதிரி அங்கேதான் இருக்கிறது. செங்கல்பட்டுப் பகுதியில் 1981இல் 'ரூவ்செக்' என்று அறியப்படும் கிராமப்புறப் பெண்களின் சமூகக் கல்வி மையம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் பதின்மூன்று பெண்கள். அவர்களில் பன்னிருவர் அக்கம்பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த தலித் பெண்கள். பதின்மூன்றாமவர் பொருளியல் ஆய்வாளர் டி.கே. சுந்தரி ரவீந்திரன். வயதுவந்தோர் கல்வித் திட்டத்தில் பணியாற்றிய அனுபவத்திலிருந்து அவர்கள் சுகாதாரத்திற்கு வந்தனர்.

முதலில் தங்கள் தெருக்களிலேயே சுகாதாரப் பணியாளர்களாக இயங்கினர். உடலைப் பற்றி, மாதவிடாயைப் பற்றி, கருத்தடையைப் பற்றிப் பெண்கள் கூடிப் பேசும் குழுக்களை அமைத்தனர். பின்னர், 1990களில், இனப்பெருக்க நலத்திற்கென ஒரு சிறு மருத்துவமனையையும் நிறுவினர். அங்கு வரும் பெண்ணை முதலில் எதிர்கொள்பவர் அவளுடைய தெருவின் மொழியைப் பேசுபவர். அவளைத் தொடத் தயங்காதவர். அவளுடைய இரகசியத்தை ஊர்த்தெருவுக்குக் கொண்டு போகாதவர். நலப்பணியில் சாதி என்பது மருத்துவர் இருப்பதும் இல்லாததும் மட்டுமல்ல, யார் தொடுகிறார், யார் கேட்கிறார், யார் காக்கிறார் என்பதும்தான் என்பதை இந்த ஏற்பாடு உணர்த்தியது.

அங்கிருந்து வெளிவந்த ஆய்வுகள் நமது வாதங்களுக்கு அடிப்படையானவை. கருப்பை இறக்கத்தை, நம் ஊர்களில் 'அடி இறங்குதல்' என்பதை, எத்தனையோ ஆண்டுகள் சொல்லாமல் சுமந்த பெண்களின் அனுபவங்களை 1999இல் அவர்கள் பதிவு செய்தனர். 2004இல் வெளியான மற்றோர் ஆய்வு, 98 குடியிருப்புகளைச் சேர்ந்த, கருக்கலைப்பு செய்துகொண்ட இரு தலைமுறைப் பெண்கள் 66 பேரிடம் பேசியது. கருக்கலைப்புக்குக் காரணம் கருத்தடை அறியாமை என்ற வழக்கமான விளக்கத்தை அது மறுத்தது. கணவனின் கட்டாய உறவை மறுக்க இயலாத நிலையே இரு தலைமுறைகளிலும் வேண்டாத கர்ப்பத்தின் அடியில் இருந்தது. கருவைக் கலைக்க அனுமதிக்கும் குடும்பம், உறவுக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையைத் தரவில்லை.

ஒப்புதல் என்ற பெயரில்

ஒப்புதலின்றிச் செய்யப்படும் தலையீடுகள் நமது மாநிலத்திற்குப் புதியவை அல்ல. 1990களின் நடுவில் தமிழ்நாட்டில் களப்பணி செய்த மானுடவியலாளர் செசிலியா வான் ஹாலன், அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த ஏழைப் பெண்களுக்கு அவர்கள் சம்மதம் இல்லாமலே கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதைத் தமது நூலில் விவரித்துள்ளார்.

நாடு முழுவதும் நிலைமை இதைவிட மோசமானது. பீகாரின் அராரியா மாவட்டத்தில் 2012 ஜனவரி 7 அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் 53 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் 2014 நவம்பரில் நடந்த முகாம்களுக்குப் பின் 13 பெண்கள் இறந்தனர். தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 14 அன்று, அறுவை சிகிச்சை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்றும் இலக்கு நிர்ணயிக்கும் போக்கு கைவிடப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. விளிம்புநிலைப் பெண்களின் சுதந்திரமான தேர்வு, வாழ்வுரிமையின் பகுதி என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

எங்களிடம் ஆலோசனைக்கு வரும் பெண்கள் சொல்வதிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'கணவர் கையெழுத்து எங்கே?' 'கலைக்க வேண்டுமானால் ஆபரேஷனும் செய்துகொள்வாயா?' 'கல்யாணம் ஆகிவிட்டதா?' இவை மருத்துவக் கேள்விகள் போல ஒலிக்கின்றன. இவற்றுள் எதுவும் சட்டம் விதித்த நிபந்தனை அன்று.

சட்டம் சொல்வது: ஒரு சுருக்கக் குறிப்பு

கருக்கலைப்பு: 1971ஆம் ஆண்டுச் சட்டமும் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் பொருந்தும். 20 வாரங்கள் வரை ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரங்கள் வரை இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானோர், 18 வயதுக்கு உட்பட்டோர், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தோர் அல்லது மணவிலக்குப் பெற்றோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு இது உரியது. 24 வாரங்களுக்குப் பின், கருவில் கடுமையான குறைபாடு இருப்பின் மருத்துவக் குழு முடிவு செய்யும். தாயின் உயிரைக் காக்க வேண்டிய உடனடி நிலையில் கால வரம்பே இல்லை. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் மட்டுமே தேவை; கணவர், தந்தை, மாமியார் எவருடைய கையொப்பமும் தேவையில்லை. 18 வயதுக்கு உட்பட்டவருக்கும் மனநலம் பாதிக்கப்பட்டவருக்கும் மட்டுமே பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும்.

மணமாகாதவர்: கருத்தடை முறை பயனளிக்காமல் உண்டான கர்ப்பத்தைக் குறிக்கும் இடத்தில் 2021 திருத்தம் 'கணவன்' என்ற சொல்லை நீக்கித் 'துணைவர்' என்று வைத்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 24 வாரம் வரையிலான உரிமையில் மணமானவர், மணமாகாதவர் என்று பிரிப்பது அரசமைப்புக்கு முரண் என்று கூறியது. இச்சட்டத்தின் நோக்கத்திற்குக் கணவனின் வன்புணர்வும் வன்புணர்வே என்றும் அது அறிவித்தது. சட்டத்தில் இல்லாத ஒப்புதல்களையும் ஆவணங்களையும் மருத்துவர்கள் கேட்பதை அத்தீர்ப்பு கண்டித்தது.

இரகசியம்: கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரங்களையும், சட்டம் அனுமதித்தவர் தவிர வேறெவருக்கும் வெளியிடுவது பிரிவு 5ஏ-இன் கீழ் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். காலனிப் பெண்ணின் செய்தி ஊர்த்தெருவின் பேச்சாக மாறும் இடங்களில் இப்பிரிவு மிக முக்கியமானது.

கருத்தடை அறுவை சிகிச்சை: இதற்கும் துணைவரின் ஒப்புதல் தேவையில்லை. கருக்கலைப்புக்கோ வேறு சிகிச்சைக்கோ இதை நிபந்தனை ஆக்க இயலாது. அறுவை சிகிச்சை தோல்வியுற்றாலோ சிக்கல் நேர்ந்தாலோ உயிரிழப்பு ஏற்பட்டாலோ அரசின் இழப்பீட்டுத் திட்டம் உண்டு. அதற்குக் கால வரம்பும் இருப்பதால் தாமதிக்கக் கூடாது.

பிரசவம்: 2011 ஜூன் 1 அன்று தொடங்கப்பட்ட தாய்–சேய் நலத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைப் பிரசவம், மருந்து, இரத்தம், உணவு, வாகனம் அனைத்தும் இலவசம். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கி 2018இல் 18,000 ரூபாயானது. ஆனால் அது முதல் இரண்டு பிரசவங்களோடு நின்றுவிடுகிறது. மிகுந்த வறுமையிலும் குறைந்த வயதிலும் தாயாகும் பெண்களை இவ்வரம்புகளே வெளியே நிறுத்துகின்றன என்பது நமது விமர்சனம்.

பாலியல் வன்முறை: அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாக இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 397. மறுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 200-இன் கீழ்க் குற்றம். 'இரு விரல் சோதனை' கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலிலும், உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபர் 31 அன்றும் தெளிவாக்கின.

வழக்காக்குவது எப்படி

ஓர் எச்சரிக்கை தேவை. மருத்துவமனையில் நேரும் ஒவ்வோர் அலட்சியமும் வன்கொடுமை வழக்காகிவிடாது. பிரிவு 3(1)(இசட்.ஏ)(டி)-இன் கீழ் ஒருவர் தடுக்கப்பட்டார் என்பதும், தடுத்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் என்பதும் காட்டப்பட வேண்டும். சாதிப் பெயரால் இழிவுபடுத்தியது வேறு பிரிவு. அதற்குப் பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். ஆனால் தடுத்த குற்றத்திற்குச் சாதிப் பெயர் சொல்லப்பட்டிருக்க வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டைப் புகார் எழுதும்போதே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே ஆவணங்களே முதல் ஆயுதம். புறநோயாளிச் சீட்டு, தாய்–சேய் நலப் பதிவு எண், பரிசோதனை முடிவுகள், வேறு மருத்துவமனைக்கு அனுப்பிய சீட்டு ஆகியவற்றைப் பெண்ணே வைத்திருக்க வேண்டும். சிகிச்சை மறுக்கப்பட்டால் நாள், நேரம், பணியில் இருந்தவர், சொன்ன காரணம், உடனிருந்த சாட்சி ஆகியவற்றை அன்றே எழுதி வைக்க வேண்டும். பிரசவ அறையில் உடனிருக்கும் பெண் துணைவர் ஆறுதல் மட்டுமல்ல, சாட்சியும் ஆவார்.

வன்கொடுமைப் புகாரில் முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது பிரிவு 18ஏ. பதிய மறுக்கும் அலுவலர் மீது பிரிவு 4 பாயும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண்கள்: மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108, மகளிர் உதவிக்கு 181, வன்கொடுமைப் புகாருக்கு 14566, சட்ட உதவிக்கு 15100.

கிராம சபையில் ஒரு தீர்மானம்

வழக்கு என்பது மீறல் நடந்த பிறகு வருவது. அதற்கு முன் செய்யக்கூடியதும் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. துணை சுகாதார நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது, செவிலியர் காலனிக்கு எந்த நாள்களில் வருகிறார், கருத்தடையில் எத்தனை முறைகள் உண்மையில் கிடைக்கின்றன, கருக்கலைப்புச் சேவை எந்த மருத்துவமனையில் எந்த நாளில் உண்டு, பரிசோதனை அறையில் திரை இருக்கிறதா ஆகிய ஐந்து கேள்விகளைத் தீர்மானமாக எழுதிப் பதிவேட்டில் ஏற்றலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதையே மனுவாக்கலாம். சட்டம் பயிலும் மாணவர்கள் தம் ஊரில் ஒரே நாளில் செய்து முடிக்கக்கூடிய பணி இது.

மேலவளவில் முருகேசனும் தோழர்களும் உயிரைக் கொடுத்தது ஊராட்சி அலுவலகத்தின் நாற்காலிக்காக மட்டுமன்று. அந்த நாற்காலியிலிருந்து கேட்கப்பட வேண்டிய கேள்விகளுக்காகவும்தான். செங்கல்பட்டின் பன்னிரு தலித் பெண்கள் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் அக்கேள்விகளைத் தம் உடலிலிருந்து தொடங்கினார்கள். கொட்டாம்பட்டியின் காலனிகளிலும் அது தொடங்கட்டும். மருத்துவமனைக்குச் செல்லும் பெண்ணின் கையில் சீட்டுடன் சட்டத்தின் பிரிவு எண்ணும் இருக்குமாறு செய்வது நமது பொறுப்பு.