லைசென்ஸ் இருக்கு, ஆபரேஷன் பண்ண யாரைக் கேக்கணும்?

இன்னைக்கு ஒரு சின்னத் தொழிலுக்குள்ள நடக்கிற பெரிய சண்டையோட வரலாறு. அமெரிக்காவுல பாதத்துக்கும் கணுக்காலுக்கும்னே தனியா ஒரு மருத்துவத் துறை இருக்கு. பேரு போடியாட்ரி. இவங்க எம்.டி. கிடையாது. காலேஜ், பட்டம், ரெசிடென்சி எல்லாமே தனி.

1862-க்குப் போவோம். உள்நாட்டுப் போர் உச்சத்துல இருக்கு. அந்த நேரத்துல அதிபர் லிங்கனோட காலுக்கு வைத்தியம் பார்த்தவர் ஐசக்கார் சக்காரி. அவரோட வேலையைப் பாராட்டி லிங்கனே கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்துல அதுதான் சர்டிஃபிகேட். தேர்வு கிடையாது, போர்டு கிடையாது. பெரிய மனுஷன் கையெழுத்து போதும்.

ஆனா அதை வெச்சு ஒரு தொழிலுக்கு மரியாதை வராது இல்லையா? அதனால இவங்க படிப்படியா தங்களுக்குத் தாங்களே கேட் கட்டிக்கிட்டாங்க. 1911-ல நியூயார்க்ல கல்லூரி. 1912-ல தேசிய சங்கம். பழைய பேரு 'கைரோபடி'. 1950-களின் கடைசியில சங்கமே அந்தப் பேரைக் கைவிட்டு 'போடியாட்ரி'க்கு மாறுச்சு. 1975-ல அறுவை சிகிச்சைக்குன்னு தனி போர்டு. 2014-ல அதோட பேரு 'அமெரிக்கன் போர்டு ஆஃப் ஃபுட் அண்ட் ஆங்கிள் சர்ஜரி'ன்னு ஆச்சு. இன்னொரு பக்கம் 'அமெரிக்கன் போர்டு ஆஃப் போடியாட்ரிக் மெடிசின்'. சுருக்கமா சர்ஜரி போர்டு, மெடிசின் போர்டுன்னு வெச்சுக்குவோம்.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவாப் புரிஞ்சுக்கணும். டாக்டருக்கு லைசென்ஸ் தர்றது மாநில அரசு. போர்டு அரசாங்கம் கிடையாது. அது ஒரு தனியார் அமைப்பு. சட்டப்படி போர்டு சர்டிஃபிகேட் இல்லாமலே தொழில் பண்ணலாம். ஆனா ஆபரேஷன் தியேட்டருக்குள்ள விடுறது ஆஸ்பத்திரி. பில்லுக்குப் பணம் தர்றது இன்சூரன்ஸ் கம்பெனி. இவங்க ரெண்டு பேரும் கேக்கிற முதல் கேள்வி, "நீங்க எந்த போர்டு?"

இப்போ சண்டைக்கு வருவோம். முன்னாடி ரெசிடென்சி ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு பல வகை. 2010-களில் எல்லாருக்கும் மூணு வருஷம்னு ஆச்சு. மருத்துவமும் அறுவையும் சேர்ந்தே பயிற்சி. அப்போ இளைய டாக்டர்கள் கேட்டாங்க: "பயிற்சி ஒண்ணுதானே, அப்புறம் எதுக்கு ரெண்டு போர்டு?"

2020-களின் தொடக்கத்துல மெடிசின் போர்டு, தன்கிட்ட ஏற்கனவே சான்று வாங்கினவங்களுக்கு அறுவை சிகிச்சையில ஒரு கூடுதல் தகுதிச் சான்றிதழைக் கொண்டு வந்துச்சு. சர்ஜரி போர்டு கொதிச்சுப் போச்சு. "அறுவைக்குச் சான்று தர்றது எங்க வேலை. ரெண்டு பேரு கொடுத்தா நோயாளி குழம்பிடுவார்"னு அவங்க வாதம். "பயிற்சி எடுத்தவனை ஒரே ஒரு வாசல்ல மட்டும் நிக்க வைக்காதீங்க"ன்னு இவங்க வாதம்.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. சர்ஜரி போர்டு தேர்வோட நிறுத்தாது. நீங்க உண்மையிலேயே செஞ்ச ஆபரேஷன்களோட பதிவுகளையும் வாங்கிப் பார்க்கும். சர்க்கரை நோயாளியோட கால்ல ஒரு தப்பு நடந்தா விரலோ, பாதமோ போகலாம். அதனால கடுமை வேணும்தான். ஆனா கேஸ் சேர்க்கணும்னா தியேட்டர் வேணும். தியேட்டர் வேணும்னா போர்டு அந்தஸ்து கேக்குறாங்க. "எக்ஸ்பீரியன்ஸ் இருந்தாதான் வேலை"ன்னு ஃப்ரெஷர் கிட்ட சொல்ற அதே கதை. தேர்வு எழுதிட்டுக் காத்திருக்கிறவங்களுக்கு இடைக்கால அந்தஸ்து உண்டு, ஆனா அதுக்கும் கெடு இருக்கு. கல்விக்கடனோட நிக்கிற ஒருத்தருக்கு அந்தக் கெடுவுக்குள்ள போதுமான கேஸ் கிடைக்குமாங்கிறது ஊரையும் ஆஸ்பத்திரியையும் பொறுத்தது.

சுவாரஸ்யம் என்னன்னா, போர்டு சான்றிதழை மட்டுமே வெச்சு ஒரு டாக்டரோட அனுமதியை முடிவு பண்ணக் கூடாதுன்னு அமெரிக்காவோட மெடிகேர் விதிகளே சொல்லுது. பயிற்சி, அனுபவம், திறமை எல்லாத்தையும் பார்க்கணும். ஆனா அத்தனையும் பார்க்க நேரம் ஆகும். சான்றிதழைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். போர்டோட உண்மையான அதிகாரம் அந்த ஒரு நிமிஷத்துலதான் இருக்கு.

இதுல எனக்குத் தெரியுற பாடம் இதுதான். எம்.டி.க்கள் மதிக்கணும்னு இந்தத் தொழில் நூறு வருஷமா கேட் மேல கேட் கட்டுச்சு. அது பலிச்சுது. இப்போ அதே கேட் முன்னாடி நிக்கிறது அவங்களோட சொந்த ஜூனியர்கள். சாவி ஏற்கனவே உள்ளே போனவங்க கையில. ஒரே போர்டா இணைச்சிடலாம்னு பேச்சு அடிக்கடி வருது. ஆனா இணைச்சா எந்தத் தேர்வு மிஞ்சும், தலைமை நாற்காலி யாருக்கு? பேச்சு அங்கதான் சிக்குது.

உங்க துறையிலயும் இப்படி ஒரு கேட் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.