ஒரு மடிக்கணினி, இரண்டு இயங்குதளங்கள்: பட்டியலில் இருப்பதும் புழக்கத்தில் இருப்பதும்

தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதைத் தேர்தல் வாக்குறுதியாகவும் நலத்திட்டமாகவும் ஆராய்ந்த கட்டுரைகள் பல உண்டு. எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட தொகுதிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அடுத்தடுத்து நிறுவப்பட்டிருந்தன என்ற செய்தி மட்டும் வரலாற்றில் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் கணினியைத் திறந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை, உலகில் வேறெங்கும் அரசு ஒன்றால் இத்தனை பரவலாக உருவாக்கப்பட்டது அரிது.

ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்களை வைக்கும் முறை எளிமையானது. வட்டைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தளத்தை நிறுவுவர். இரண்டுக்கும் முன்னால் ஒரு சிறு தொடக்க நிரல் நிற்கும். 1995-இல் எரிக் போலின் எழுதத் தொடங்கிய கிரப் அத்தகையது. அது ஒரு பட்டியலைக் காட்டிச் சில நொடிகள் காத்திருக்கும். எந்த விசையும் அழுத்தப்படாவிட்டால் முன்கூட்டியே குறிக்கப்பட்ட தளத்தைத் தானே ஏற்றும். இரண்டுக்கும் வட்டில் இடம் உண்டு. ஆனால் முதலிடம் ஒன்றுக்கே. இரட்டைத் தொடக்கத்தின் அரசியல் அந்தச் சில நொடிகளில் அடங்கியிருக்கிறது.

இதற்கு முன்னோடியான வழக்கு ஒன்று உண்டு. 1990-களின் இறுதியில் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் ஃப்ளோரா பிரையஸ் என்ற கணினியை விண்டோஸ், பீஓஎஸ் ஆகிய இரண்டு தளங்களுடனும் விற்றது. ஆனால் கணினியைத் திறந்தபோது தேர்வுப் பட்டியல் தோன்றவில்லை. பீஓஎஸ் வட்டிலேயே மறைந்து கிடந்தது. விற்பனையாளர்களுடன் மைக்ரோசாஃப்ட் செய்துகொண்ட உரிம ஒப்பந்தங்களே இதற்குக் காரணம் என்று பீ நிறுவனம் 2002-இல் வழக்குத் தொடுத்தது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 2003-இல் மைக்ரோசாஃப்ட் 2.325 கோடி டாலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. அதற்குள் பீ நிறுவனம் தன் தொழில்நுட்பத்தை விற்றுக் கடையைக் கட்டிவிட்டது. பயனரின் கண்ணில் படாத தளம், நிறுவப்பட்டிருந்தும் இல்லாததற்குச் சமம் என்பதே அவ்வழக்கு தரும் பாடம்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே பாஸ் லினக்ஸை எவரும் மறைக்கவில்லை. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட அத்தளம், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளித்தது. ஆனால் மாணவரின் சுற்றுப்புறம் முழுவதும் விண்டோஸாகவே இருந்தது. அச்சகங்களின் பாமினி எழுத்துரு, அழகி, என்.எச்.எம். ரைட்டர் என்று தமிழ்த் தட்டச்சுப் பழக்கமே பெரும்பாலும் அங்கேதான் வேர்விட்டிருந்தது. பாடநூல்களும் துணை செய்யவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் நெடுங்காலம் ஸ்டார் ஆஃபீஸைக் கற்பித்தது. 2018-இல் வந்த பதினோராம் வகுப்பு நூல் விண்டோஸுடன் உபுண்டுவை அறிமுகப்படுத்தியது. உபுண்டுவும் டெபியன் குடும்பம்தான் என்றாலும், அது மாணவர் கையிலிருந்த பாஸ் லினக்ஸ் அன்று. கொள்முதல் ஒரு திசையிலும் பாடத்திட்டம் வேறு திசையிலும் சென்றன.

இதன் விளைவு கணினிக் கடைகளில் வெளிப்பட்டது. திரைப்படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் இடம் வேண்டி லினக்ஸ் பிரிவை அழிப்பது வழக்கமாயிற்று. பழைய முறைக் கணினிகளில் தொடக்க நிரலின் ஒரு பகுதி வட்டின் தலைப்பிலும் மறுபகுதி லினக்ஸ் பிரிவிலும் இருக்கும். பிரிவு அழிந்ததும் கணினி விண்டோஸையும் ஏற்ற மறுத்து, கறுப்புத் திரையில் கிரப் மீட்பு வரியைக் காட்டும். பல மாணவர்களுக்கு லினக்ஸ் முதன்முதலில் ஒரு பழுதாகவே அறிமுகமானது.

ஒரு தேர்வு உயிருடன் இருக்க எது தேவை என்பதைத் தமிழே வேறோர் இடத்தில் காட்டுகிறது. தில்லி மோதி பாகில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளி உள்ளது. 1923-இல் தோன்றி இன்று தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்தும் கழகம் அது. ஆங்கிலமும் இந்தியும் சூழ்ந்த ஊரில், மத்திய வாரியப் பாடத்திட்டத்தின் உள்ளே, தமிழ் அங்கே நிலைத்திருப்பது மொழிகளின் பட்டியலில் அதன் பெயர் இருப்பதால் மட்டுமன்று. அதற்கெனப் பாடவேளை உண்டு, ஆசிரியர் உண்டு, தேர்வு உண்டு. பாஸ் லினக்ஸுக்கு இம்மூன்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. வட்டில் இடம் மட்டும் கிடைத்தது.

இன்று இது பழங்கதை அன்று. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தபோது, தமிழ்நாட்டு அரசே தன் துறைகளுக்குப் பாஸ் லினக்ஸைப் பரிந்துரைத்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. முந்தைய ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகள் பல விண்டோஸ் 11 கோரும் செயலி, பாதுகாப்புச் சில்லு விதிகளை நிறைவு செய்யா. வட்டு, விசைப்பலகை, திரை எல்லாம் நன்றாயிருந்தும் அவை பாதுகாப்புத் திருத்தங்கள் இன்றி இயங்கும். அழிக்கப்பட்ட அந்த இரண்டாம் பிரிவே அவற்றின் ஆயுளை நீட்டக்கூடிய வழி.

2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிக் கருவிகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் எத்தனை தளங்கள் நிறுவப்படும் என்பது ஒப்பந்தப்புள்ளிக்குரிய கேள்வி. இரண்டாவது தளத்தை எந்தத் தாள் கற்பிக்கும், எந்த ஆய்வகம் அதில் இயங்கும், எந்தத் தேர்வு அதில் எழுதப்படும் என்பவை பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள் விடையளிக்க வேண்டிய கேள்விகள். அவ்விடைகள் இல்லாதவரை, தொடக்கப் பட்டியலின் இரண்டாம் வரி அழிப்பதற்காகக் காத்திருக்கும் வெற்றிடமாகவே எஞ்சும்.